அப்பாவின் தனிக்குடித்தனம்

எங்கள் வீட்டில் தனிக்குடித்தனம் போனவர் அப்பா. எழுபத்தைந்து வயதில், அவரே கட்டிய வீட்டை விட்டு, கையில் ஒரு பெட்டியும் கக்கத்தில் ஒரு தலையணையுமாகப் போனார்.

இதை யாரிடம் சொன்னாலும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. "அடடா" என்பார்கள். அந்த அடடாவுக்குள் என் மேல் ஒரு தீர்ப்பு இருக்கும். நான் உடனே விளக்க ஆரம்பிப்பேன். விளக்கம் நீள நீள, ஒருவேளை நான்தான் துரத்திவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்பார்கள். இதுவரை எனக்கு எதுவும் எழுதித் தெளிந்ததில்லை.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா சேலையூரில் வீடு கட்டினார். அதன் மாடியறையில்தான் படித்தேன். அதே அறையிலிருந்து வேலைக்குப் போனேன். கல்யாணமானதும் அந்த அறைக்கு ஏ.சி. போட்டார்கள்; என் வாழ்க்கையில் நடந்த பெரிய இடமாற்றம் அதுதான். மகன் பிறந்து, வளர்ந்து, படித்து முடித்து, பெங்களூரில் நண்பர்களோடு வீடெடுத்துக்கொண்டு போய்விட்டான். சில வருடங்களுக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். நான் மாடியிலேயே இருந்தேன். தலை நரைத்தது, முழங்கால் சத்தம் போட ஆரம்பித்தது, படிக்கிற புத்தகங்கள் தடித்துக்கொண்டே போயின. முகவரி மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசையைப் பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "பொத்தேரில ஒரு ரூம் பாத்திருக்கேன். அடுத்த மாசத்துலேர்ந்து அங்க இருக்கலாம்னு."

"யாருக்குப்பா ரூம்?"

"எனக்குத்தான்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பார்வையிலும் ஒரே கேள்விதான்: நீ அவரை என்ன சொன்னாய்?

"யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அந்தச் சட்னியை இப்படித் தள்ளு."

சட்னியைத் தள்ளினேன். அவராகவே தொடர்ந்தார், ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். "நான் தனியா இருந்ததே இல்லடா. சின்ன வயசுல கூட்டுக் குடும்பம். ஒரே கூடத்துல வரிசையா படுப்போம். அப்புறம் ஹாஸ்டல். வேலைக்கு வந்தா மேன்ஷன், பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் குறட்டை. அப்புறம் உங்கம்மா. அப்புறம் நீ. சரி, நீ பெரியவனாகிப் போயிடுவேன்னு பாத்தேன். நீ போகல. சரி, நான் போறேன்."

இதில் எங்கே கோபம், எங்கே வருத்தம், எங்கே கிண்டல் என்று தேடினேன். மூன்றும் கிடைக்கவில்லை. தோசை ஆறிப்போனது.

மனிதனின் வளர்ச்சியைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். குழந்தைப் பருவம், விடலைப் பருவம், வாலிபம், நடு வயது, முதுமை என்று படி கட்டி, ஒவ்வொரு படியிலும் என்னென்ன செய்து முடிக்க வேண்டும் என்று சொல்கிற புத்தகங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவன் பின்னால் வந்து அதை ஏற வேண்டியிருக்கும் என்றும் அவற்றில் போட்டிருக்கும். படித்தபோது நியாயமாகத்தான் இருந்தது. என் அப்பா எழுபத்தைந்தில் திரும்பி வந்து இருபத்திரண்டு வயதுப் படியில் கால் வைப்பார் என்று நினைக்கவில்லை. அப்படியானால் நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்ற கேள்வி வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ரூம் பார்த்ததே ஒரு தனிக் கதை. முதலில் கோவிலம்பாக்கம், பிறகு பெருங்களத்தூர் என்று வீட்டில் சொல்லாமல் அலைந்திருக்கிறார். எல்லா வீட்டுக்காரர்களும் கேட்ட முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சலரா?" அப்பா உண்மை பேசுகிறவர். பேச்சலர் என்றிருக்கிறார். பேச்சலருக்கு வீடு இல்லை என்று பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் அவர் தலைமுடியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார் குடி வருவார்கள் என்று கவலைப்பட்டார்கள். ஆக, நம் புறநகரில் ஒரு மனிதன் வாடகை வீட்டுக்கு லாயக்கான காலம், தாலி கட்டிய நாளுக்கும் முதல் நெஞ்சுவலிக்கும் நடுவில் மட்டும்தான். கடைசியில் பெங்களூரிலிருந்து என் மகன்தான் பொத்தேரியில் அவனுடைய சிநேகிதர்கள் இருந்த ஒரு மாடியின் நம்பரைத் தாத்தாவுக்கு அனுப்பியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்களுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் அப்பா, கை கழுவிக்கொண்டு. "அங்க காலேஜ் பசங்கதான் ஜாஸ்தி. பேரண்ட்ஸ் வந்து பேசினாத்தான் சாவி குடுப்பாராம் வீட்டுக்காரர். எனக்குப் பேரண்ட்ஸ் இல்ல. நீ வா."

நான் ஒப்புக்கொண்டேன். காரியத்தைக் கெடுப்பதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. போன மழைக்காலத்தில் அப்பா குளியலறையில் மயங்கி விழுந்திருந்தார். அதை வீட்டுக்காரர் காதில் போட்டால் போதும். அப்பா திரும்பி வந்துவிடுவார், சொந்தக்காரர்கள் வாயும் மூடும், மாடியறை மாடியறையாகவே இருக்கும்.

மனைவியிடம் திட்டத்தைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மாமாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா, இல்ல மோட்டார் எப்பப் போடணும்னு உங்களுக்குத் தெரியாதுன்னு பயமா?" என்றாள்.

"ரெண்டும்தான்."

"அப்ப முதல்ல மோட்டாரைக் கத்துக்கோங்க."

அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் ரயில் ஏறினோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வண்டலூர் தாண்டியதும் என் பக்கம் குனிந்து, "அங்க வந்து உளறாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். என்னை முதன்முதலில் இன்டர்வியூவுக்கு அனுப்பியபோதும் இதையேதான் சொன்னார். இந்த முறை இன்டர்வியூ யாருக்கு என்பதுதான் குழப்பம்.

வீட்டுக்காரர் கீழே ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பெயின்ட் டப்பாக்களுக்கும் பி.வி.சி. குழாய்களுக்கும் நடுவே, என் வயதுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர். தெருவே அவரைப் பாய் என்றது. எங்களைப் பார்த்ததும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். அப்பாவுக்கு ஒரு சலாம், எனக்கு ஒரு கைகுலுக்கல். பிறகு எங்கள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"பையன் வரலையா சார்?"

"எந்தப் பையன்?"

"ரூம்ல தங்கப்போற பையன். போன்ல பேசினது தாத்தா. நீங்க ஃபாதர். பையன் எங்க?"

நான் அப்பாவைக் காட்டினேன். "பையன் இவர்தான்."

பாய் கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை. "அப்ப நீங்க?"

"நான் பேரண்ட்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தீவிரமாக யோசித்தார். "சரி. ரூமைப் பாத்துடலாம்" என்று சாவிக்கொத்தை எடுத்தார்.

மாடிப்படியில் மூன்று மாணவர்கள் செல்போனும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது: "மச்சான், நம்ம மாடிக்கு சீனியர் வந்துகீறார்டா."

"எந்த பேட்ச்னு கேளு" என்றான் இன்னொருவன்.

அப்பா படியில் நின்று திரும்பினார். "அரியர் வெச்சிருக்கேன்பா. முடிக்க வந்திருக்கேன்." படியில் ஒரே சிரிப்பு. வீட்டில் இத்தனை வருடங்களில் இப்படி ஒரு பதில் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

ரூம் சின்னது. ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் வருகிற ஒரு ஜன்னல். அப்பா மின்விசிறியைப் போட்டுப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார். நான் என்னை அறியாமல் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். பாய் தலையாட்டினார். "அம்மாங்க வந்தா அழுவாங்க. அப்பாங்க வந்தா பைப்பைத் திறந்து பாப்பாங்க. அதுலேர்ந்தே தெரிஞ்சுக்குவேன் சார்."

பிறகு வழக்கமான கேள்விகள். குடிப்பாரா? இல்லை. சிகரெட்? விட்டாயிற்று. இரவு லேட்டாக வருவாரா? இருட்டினால் கண் சரியாகத் தெரியாது, வரமாட்டார். கெட்ட சகவாசம்? சகவாசமே கிடையாது. ஒவ்வொரு பதிலையும் என் வாயால் சொல்லச் சொல்ல, இந்தப் பையனைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது உறைத்தது. சகவாசம் கிடையாதா, எனக்குத் தெரியாதா?

கடைசியாக பாய் குரலைத் தாழ்த்தினார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைக் காலரின் மேல் அவர் பிடரி தெரிந்தது, புதிதாக முடி வெட்டியிருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"போன மழைக்குப் பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டார்" என்றேன்.

"எங்க, உங்க வீட்லயா?"

"ஆமா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மாடில."

"சத்தம் கேட்டு ஓடி வந்தீங்களா?"

"இல்ல. எனக்குக் கேக்கல. அவரே எழுந்து வந்து காபி போட்டுக் குடிச்சிருக்கார். ரெண்டு நாள் கழிச்சுதான் எங்களுக்குத் தெரியும்."

பாய் தரையைக் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தார். "இதுக்கு நேர் கீழதான் சார் என் கல்லா. ஒரு பக்கெட் விழுந்தாலும் எனக்குக் கேக்கும். காலையில நீங்க ஒரு போன் போடுங்க. எடுக்கலைன்னா எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு." பிறகு, பொறுப்பு என் தலையில்தான் என்பதை என் வாயாலேயே ஒரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். காரியத்தைக் கெடுக்க வந்தவன் ஜாமீன் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். எந்த இடத்தில் வண்டி தடம் மாறியது என்று இன்னும் பிடிபடவில்லை.

அப்பா போனார். தினமும் காலையில் போன் போடுவேன். "இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லோடு எங்கள் உறவு நன்றாகவே ஓடியது. சொந்தக்காரர்கள் போன் செய்து அடடா சொன்னார்கள். நான் மோட்டார் போடக் கற்றுக்கொண்டேன். இரண்டு முறை தொட்டி வழிந்தது.

ஒரு புதன்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைக்குப் போட்டேன், அங்கேயும் எடுக்கவில்லை. ஆபீஸுக்கு எதையோ சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். தாம்பரத்துக்கும் பொத்தேரிக்கும் நடுவில் இத்தனை ஸ்டேஷன் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார் பாய். என் முகத்தைப் பார்த்ததும் சாவியோடு எனக்கு முன்னால் மாடி ஏறினார். கதவைத் திறந்தோம். படுக்கை மடித்து வைத்திருந்தது. போன் கட்டிலின் மேல் சார்ஜில் கிடந்தது. ஆள் இல்லை. குளியலறையிலும் இல்லை.

"செருப்பைக் காணோம். வெளிய போயிருக்கார்" என்றார் பாய். "உக்காருங்க. நான் போய்க் கடையைப் பாக்கறேன்."

தனியாக அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். கொடியில் ஒரு வேட்டி. மேடையில் கழுவிக் கவிழ்த்த ஒரு பாத்திரம், ஒரு டம்ளர். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. பயத்தோடுதான் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் எழுந்துபோக மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அது என்ன என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

கத்திரிக்காய்ப் பையோடு அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருடா உன்னை உள்ள விட்டது?"

"போன் எடுக்கலையேப்பா."

"சார்ஜ் போட்டுட்டுப் போனேன். அதுக்காகப் பூட்டைத் திறந்து வந்து உக்காந்துப்பியா? நான் இல்லாதப்ப?"

நான் எழுந்து நின்றேன். மகனின் அலமாரியைக் குடைந்து கையும் களவுமாகப் பிடிபட்ட அப்பனைப் போல நின்றேன். அந்த அனுபவமும் எனக்கு உண்டு.

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். காபி கலந்தார். இருந்த ஒரே டம்ளரில் அவர் ஊற்றிக்கொண்டார். எனக்குப் பாத்திரத்தோடு நீட்டினார். சூடு கையைச் சுட்டது. ஓரத்தில் வாய் வைத்ததும் காபி சட்டையில் வழிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தார்.

"அடுத்த தடவை வரும்போது உனக்கு ஒரு டம்ளர் எடுத்துட்டு வா. போன் பண்ணிட்டு வா."

வீட்டுக்கு வந்து, மனைவியிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே பாத்திர அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு டம்ளராக எடுத்து அடியில் பொறித்திருந்த பெயரைப் படித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவுக்குச் சீர் செய்த மாமாக்கள் பெயர், என் மனைவி பிறந்த வீட்டுப் பெயர்கள். அடுக்கின் கோடியில், மற்றவற்றின் உள்ளே போய் ஒளிந்துகொண்டு, என் பெயரோடும் ஒன்று இருந்தது. என் முதல் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. இரண்டு வாய் பால் பிடிக்கும்.

"அதுலயா காபி குடிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"என் பேர்ல வேற இல்லையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கி, புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.