பாழுங்கிணற்றுக்கு ஒரு மறுப்பு

இருபது வருடத்துக்கு மேல் எழுதியும் அந்த நாளிதழில் ஒதிலியாவின் பெயர் ஒருநாள்கூட வந்ததில்லை. முதலில் கல்யாணம், ஞானஸ்நானம், பதினைந்து வயது நிறைந்த பெண்களுக்கு வைக்கும் விருந்து என்று எழுதினாள். அதற்கெல்லாம் பெயர் எதற்கு என்று அவளே விட்டுவிட்டாள். பிறகு வெட்டுக்குத்துச் செய்திக்கு மாற்றினார்கள். அதில் பெயர் போட்டால் ஆள் மிஞ்சமாட்டாள் என்பதால் ‘நமது நிருபர்’ என்றே போட்டார்கள். எதைப் போடக் கூடாது என்று ஆசிரியருக்குத் தொலைபேசி வரும். பேசுவது யார் என்று வெராகுருஸ் மாநிலத்தின் அந்தக் கரும்புச் சீமை முழுவதற்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஆள் கிடையாது.

போடாத செய்தியெல்லாம் அவளைத் தூங்கவிடவில்லை. ஊர்பேர் மாற்றி நாவலாக எழுதித் தீர்த்தாள். தலைநகரத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் அச்சிட்டது. நம் ஊர்க்காரர்கள் கதைக்காகவா படிப்பார்கள்? யார் யார் என்று கண்டுபிடிக்கத்தான் படித்தார்கள். மேயரின் மைத்துனி சந்தையில் மறித்துச் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“அந்தக் குண்டுப் பொம்பள நான்தானே? உண்மையச் சொல்லு!”

“ஐயோ, நீங்க எங்கே, அவ எங்கே! அவ நல்லா சமைப்பா.”

சந்தையே சிரித்தது. ஒதிலியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடுத்த வாரமே அடங்கிப்போயிற்று.

சந்தைச் சாப்பாட்டுக் கடையில் முட்டையும் கறுப்பு அவரைக் கூழுமாகக் காலைச் சாப்பாட்டில் இருந்தாள்.

“நல்லா சாப்பிடுங்க” என்றபடி எதிரில் வந்து உட்கார்ந்தான் இஞ்சினியர். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். அவன் கட்டின கட்டடம் எதையும் பார்த்தவர் யாரும் இல்லை. ஆசிரியருக்குத் தொலைபேசுகிற குரல் அவனுடையது.

“புஸ்தகம் படிச்சேன், மேடம். அருமை. என் வீட்டுக்காரி அழுதே போயிட்டா.” அவள் தட்டிலிருந்தே ஒரு சோள ரொட்டியை எடுத்துச் சுருட்டி உப்பில் தொட்டுக்கொண்டான். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னாசிக் கிடங்குக்குப் பின்னாடி ஒரு கிணறு இருக்கே, அதப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?”

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். நாவலில் ஒரு பாழுங்கிணறு உண்டு. செத்தவனை எங்கே போடுவதென்று தெரியாமல் அவளாகத் தோண்டின கிணறு. எந்தக் கிடங்கையும் அவள் எழுதவில்லை.

“யாரும் சொல்லலீங்க. நானா கற்பனை பண்ணேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“சத்தியமா!”

“அப்ப நல்லதாப் போச்சு. அதையே நாளைக்குப் பேப்பர்ல போட்டுடுங்க. உங்க பேரு போட்டு. தெளிவா இருக்கணும், மேடம். எனக்குக் குழப்பம் புடிக்காது.”

அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மடையன், இடத்தை அவன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

உடனே காசில்தா அம்மாவின் முகம் கண்முன் வந்தது. காணாமல் போன மகன் சில்வானோவின் படத்தைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை அலுவலகப் படியேறாத மாதமில்லை அந்தத் தாய். மற்றத் தாய்மாரோடு இரும்புக் கம்பியும் கையுமாகக் காடுமேடெல்லாம் மண்ணில் குத்தி, நுனியில் பிண வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்து அலைகிறவள்.

ஒதிலியா அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். ‘முழுக்கக் கற்பனை’ என்று ஒரு வரி போதும். உயிர் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வரியைத் தட்டினாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, இன்னொரு வரியும் சேர்த்தாள்.

‘என் நாவலில் வரும் கிணறு முழுக்கக் கற்பனை. அன்னாசிக் கிடங்குக்குப் பின்னால் உள்ள பாழுங்கிணற்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. - ஒதிலியா பார்ராகான்.’

ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “எந்தக் கிணறும்மா? யாரும் கேக்கலியே?”

“கேட்டாங்க சார். தெளிவா போடச் சொன்னாங்க.”

அவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஒதிலியா கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். இறங்கி வந்தது காசில்தா. பின்னால் மற்றத் தாய்மார் கம்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“பேப்பரப் பாத்தோம். ஏறு மகளே. உன்னத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல.”

அன்னாசிக் கிடங்குக்குப் பின்னால் கிணறு மண் போட்டு மூடிக் கிடந்தது. தாய்மார் கம்பியை ஆழமாக அடித்து இறக்கி உருவினார்கள். காசில்தா அதன் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. ஒதிலியா குனிந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

காசில்தா அவள் கையை இறுகப் பிடித்தாள். “உள்ள கிடக்கிறது எம்புள்ளையா இருந்தாலும் அவனுக்கு இனி என்ன பயம்? எனக்கு உன்ன நெனச்சாத்தான் பயமா இருக்கு, மகளே.”