எதிர் வீட்டு எலக்ட்ரீஷியனின் தொடைகள்

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் தையல் மெஷினும். எதிரில் ஓர் எலக்ட்ரீஷியனும் அவனுடைய அக்காவும். அவனை எல்லாரும் கரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைப் பற்றி எழுத நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காவின் கால்கள் ஒத்துழைப்பதில்லை. வாய் ஒத்துழைக்கிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் கரண்டுதான் தூக்கிவிட வேண்டும். அக்கா கனமான மனுஷி. அதை மறைத்து எழுதினால் அவளே கோபித்துக்கொள்வாள். ஒருநாள் பாதி வழியில் கரண்டின் முழங்கால் மடங்கி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடி ஒன்றுமில்லை. அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வெளியூரில் இருக்கும் இன்னொரு தம்பியிடம் ஃபோனில் அதை வேடிக்கையாகச் சொன்னாள். அவர் கரண்டுக்கு அண்ணன். அவர் சிரிக்கவில்லை.

"உன்னால முடியலன்னா சொல்லிடு. அக்கா மாதிரி ஆளுங்களப் பாத்துக்கிற நல்ல ஹோம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அடுத்த மாசம் நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று கரண்டிடம் சொல்லிவிட்டார்.

கரண்டு மறுநாளே ஜிம்மில் சேர்ந்தான்.

"இங்க ஒருத்தி சும்மா கிடக்கேன். அங்க காசு குடுத்து இரும்பத் தூக்குறான்" என்றாள் அக்கா.

ஜிம் மாஸ்டர் தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தான். எழுந்தது பெரிய கதை. மறுநாள் தொடை வலியில் அவன் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பலம் சேர்க்கப் போனவனுக்கு முன்பு தூக்கிய அளவுக்கும் தூக்க முடியவில்லை. மாஸ்டர் பரிதாபப்பட்டு, உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வயர் முனையில் ஒட்டும் பட்டைகள். தொடையில் ஒட்டி பட்டனை அழுத்தினால் லேசாகக் கரண்டு பாயும்; தசை தானாகச் சுருங்கி விரியும்; ரத்த ஓட்டம் கூடி வலி குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். மாஸ்டர் அந்தச் சிலரில் ஒருவர்.

"தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து இது மேல படக்கூடாதுன்னுதான் பொழப்ப ஓட்டுறேன், டெய்லரம்மா. இப்ப நானே ஒட்டிக்கணுமாம்" என்றான் கரண்டு.

ஒட்டிக்கொள்வதற்கு முன் மெயினை அணைத்தான். அது பேட்டரியில் ஓடும் மெஷின். அவனுக்கும் தெரியும். ஆனால் மெயினை அணைக்காமல் வயரைத் தொட அவன் கைக்கு வராது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மெயின். என் தையல் மெஷின் ஒரு சட்டைக் காலரின் பாதியில் நின்றது. ஆத்திரத்தோடு போய்ப் பார்த்தால், அரைக்கால் டிரௌசரில் உட்கார்ந்திருக்கிறான். தொடை தவளை மாதிரி துள்ளுகிறது. அக்கா அட்டையால் விசிறிக்கொண்டு, "தொடைக்குக் கரண்டு இருக்கு, ஃபேனுக்கு இல்ல" என்கிறாள்.

வலி மெஷினால் குறைந்ததா, உடம்பு பழகியதால் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. எப்படியோ படியை முன்பக்கமாக இறங்கினான். மாதக் கடைசியில் அக்காவை முனகாமல் தூக்கினான். "பாத்துடா, கூரையில இடிச்சிடாத" என்று முனகியது அக்காதான்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் காரியத்தைக் கெடுத்துக்கொண்டான். எந்த மோட்டாரைப் பழுது பார்த்தாலும் ஃபுல் லோடில் ஓட்டிப் பார்க்காமல் கரண்டு ஒப்படைக்கமாட்டான். மோட்டாருக்கு அது நல்ல பழக்கம். ஜிம்மில் அதுவரை தூக்காத எடையைத் தூக்கிவிட்டு வந்தான். பிறகு மெஷினை உச்சத்தில் வைத்து, பேட்டரி சாகும் வரை தொடை மாற்றித் தொடை ஓட்டினான். மாஸ்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதைத்தான்.

காலையில் என் வீட்டுக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னாலயே எந்திரிக்க முடியல. அக்காவ எப்படித் தூக்குவேன்?"

நானும் சேர்ந்து தூக்கி, ஒரே ஒரு தடவை அக்காவைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டிலில் போட்டோம். என் இடுப்பு அத்தோடு விடைபெற்றது. இன்னொரு தடவை நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

அண்ணன் வந்தார். நல்ல மனுஷர்தான், அதுதான் எரிச்சல். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சன்னல்கிட்ட உக்காரலாமாக்கா?"

"இன்னைக்குப் படுத்தே கிடக்கப் போறேன். என்னைக்கோ ஒருநாள் வர்ற, நிம்மதியாப் பேசவிடு."

"பாத்ரூம் போகணுமா?"

"எனக்கு வேணாம். உனக்கு வேணும்னா போ."

வெயில் ஏறியது. நான் கொண்டுவந்த டீயைப் பிறகு குடிக்கிறேன் என்றாள். சாப்பாட்டுக்குப் பசியில்லை என்றாள். கரண்டு சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அசைய முடிந்தால்தானே. அண்ணன் அவன் தொடையில் பட்டென்று ஒரு தட்டு தட்டி, "கல்லு மாதிரி வச்சிருக்கியேடா!" என்றார். கரண்டுக்குக் கண்ணில் நீர் வந்தது. அண்ணன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி, அந்த ஹோம்ல வேணாம்னு சொல்லிடுறேன்" என்று சாயங்காலம் கிளம்பினார்.

படுக்கையைச் சரிசெய்யப் போனபோதுதான் தலையணைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் நானே நிரப்பி வைத்தது. மூடி கூடத் திறக்கவில்லை. அக்காவின் உதடு வெடித்திருந்தது.

"என்னக்கா இது? நாள் பூரா ஒரு வாய் கூடவா குடிக்கல?"

"குடிச்சா போகணும். போகணும்னா அவன் தூக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவளைத் திட்டினேன். கரண்டு சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தான். பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"குடி, அக்கா. நான் தூக்குறேன்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். நிற்கவே முடியாமல் அவன் கால்கள் நடுங்கின. அவள் பாட்டிலை வாங்கி, அடி வரைக்கும் குடித்தாள்.