கொடிப் போஞ்சி ஏன் காய்க்கவில்லை?

போன சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஒரு பெண் என்னை மறித்தார்.

“சேர், பேப்பரில எழுதிறது நீங்கதானே?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே என் முகம் தானாக மலர்ந்துவிடும். அடக்கினாலும் அடங்காது. மனைவி இதைப் பல தடவை கேலி செய்திருக்கிறாள். அன்றும் மலர்ந்தது. மரக்கறிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, “ஓம், நான்தான்” என்றேன்.

“நீங்க எழுதினத வாசிச்சிட்டுத்தான் சேர், என்ட போஞ்சிக் கொடி எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சன்.”

நன்றி சொல்லத்தான் மறித்திருக்கிறார்!

விஷயம் இதுதான். மூன்று வாரங்களுக்கு முன், குருக்கள்மடத்தில் என் வீட்டு வளவில் போட்ட மூன்று பீன்ஸ் வகைகளை ஒப்பிட்டு இதே பத்தியில் எழுதினேனே... நினைவிருக்கிறதா? செடிப் போஞ்சிக்கு முதலிடம். குட்டையாக நிற்கும், கம்பு கேட்காது, சீக்கிரம் காய்க்கும் — ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் கடையைக் கட்டிவிடும். பயிற்றங்காய்க்கு இரண்டாமிடம். வெயிலோ மணலோ அதற்குக் கவலையில்லை. கறுப்புப் பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கொடிப் போஞ்சி? அதற்கு இடமே கொடுக்கவில்லை. ‘கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் மணலில் அது காய்க்காது’ என்று தீர்ப்பே எழுதினேன்.

அது பொய்யில்லை. என் வளவில் காய்க்கவில்லைதான்.

ஏன் காய்க்கவில்லை என்பதைத்தான் எழுதவில்லை. கொடி முழங்கால் உயரம் வந்து கம்பைச் சுற்றத் தொடங்கிய சமயம், ஒரு வாசகர் போனில் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். சிக்னல் தேடி வீதிக்கு வந்தேன். படலையைச் சாத்தவில்லை. பத்து நிமிடப் புகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டு ஆடு கடைசிக் கொடியை மென்றுகொண்டு நின்றது. என் ஆராய்ச்சி அத்தோடு சரி.

ஆடு தின்றது என்று எழுத வெட்கமாக இருந்தது. மூன்று வகை ஒப்பீடு என்று முன்கூட்டியே பெருமையாகச் சொல்லியாயிற்று. பத்தியிலும் இரண்டு வரி குறைந்தது. எனவே சேர்த்தேன்: ‘பூக்கும், ஏமாந்துவிடாதீர்கள் — உப்புக் காற்றுக்குப் பூவெல்லாம் உதிர்ந்துவிடும்.’ எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

என் கொடியில் பூ வரவே இல்லை. வருவதற்கு ஆடு எங்கே விட்டது?

அந்த வரி நேராகச் செட்டிபாளையத்துக்குப் போயிருக்கிறது, தவமணியின் வளவுக்கு. என்னை மறித்தவரின் பெயர் அதுதான்.

“பூ வந்திட்டு சேர். வெள்ளையா, அப்படியொரு பூ. மறுகா உங்கட பேப்பரப் பாத்தன். சேர் பாக்காம எழுதுவாரா? இடத்த ஏன் வீணாக்குவான் எண்டு புடுங்கிட்டன்.”

விதை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவருடைய அக்கா கலியாணம் முடித்துப் பண்டாரவளையில் இருக்கிறாராம். மலைநாட்டுக் குளிருக்குத்தான் போஞ்சி என்பது அக்காவின் பெருமை. ‘உன்ட மணலில போஞ்சியா?’ என்று சிரித்துக்கொண்டே ஒரு பிடி விதை கொடுத்தாராம். பொங்கலுக்கு அக்கா வரும்போது, செட்டிபாளையத்துப் போஞ்சியில் பால்கறி சமைத்து அவர் முன்னால் வைக்க வேண்டும்... தவமணியின் திட்டம் அது.

“இப்ப நானே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டன் சேர். நீ சொன்னதுதான் சரி, பேப்பரிலயே போட்டிரிக்கி எண்டு. அவ சிரிச்ச சிரிப்பு!”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

திறந்தேன். “ஓம்... உப்புக் காத்து எண்டா அப்படித்தான்” என்றேன்.

வாரா வாரம் அச்சில் பெயர் வருகிறவனுக்கு ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

“ஆட்டுக்காரரோட அண்டைக்கு என்ன சத்தம் போட்டீங்க! பாவம், அந்த மனிசன் மூணு தரம் வந்து மன்னிப்புக் கேட்டுது. நீங்க?”

மறுநாள் காலை, மிச்சமிருந்த கொடிப் போஞ்சி விதையைக் கடதாசியில் மடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் செட்டிபாளையம் போனேன். இனி விதைத்தாலும் பொங்கலுக்குக் காய் வராது என்பது எனக்கும் தெரியும். வெறுங்கையோடு போகத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

தவமணியின் வளவில் கம்புகள் மட்டும் நின்றன. நேரான வரிசை, ஒரே உயரம், குறுக்கே கயிறுகூடக் கட்டியிருந்தார். நான் நட்ட கம்புகள் அதில் பாதி ஒழுங்குகூட இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடு, படலை, போன், நான் பார்க்காத பூ — எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அந்தக் கம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப என்டது காய்ச்சிருக்குமா சேர்?”

“தெரியா” என்றேன். ஒருவழியாக அந்தச் சொல் வந்தது. மூன்று வாரம் பிந்தி!

விதைப் பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு போனை எடுத்து, ஓர் இலக்கத்தை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

“எனக்கிட்டச் சொல்லி என்ன சேர்? அக்காட்டச் சொல்லுங்க.”

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், ஆடு தின்ற கதையை முதலிலிருந்து சொன்னேன். மறுபக்கத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“என்ட தங்கச்சி உங்கள நம்பித்தானே பூத்த கொடியப் புடுங்கினா?” என்றார் அக்கா. “பேப்பரில போட்டதப் போனில மாத்த ஏலாது சேர். பேப்பரிலயே போடுங்க. அப்ப நம்புறன்.”

பண்டாரவளை அக்காவுக்கு: ஆடுதான் தின்றது. உங்கள் தங்கையின் போஞ்சி பூத்திருந்தது.