காதுகுத்தன்று மூடிய வானம்

கொடைக்கானலில் சூரியனைப் பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் செண்பகனூர் டீக்கடைக்காரர்கூடச் சிரிக்கிறார். "இங்க எங்கம்மா சூரியன் கெடக்கு?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக வரும்.

தினமும் காலையில் தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் படம் எடுக்க வேண்டும். கரும்புள்ளிகளைப் பார்த்து, அடுத்த சில நாட்களில் பூமியின் காந்தப்புலம் கலங்குமா, சும்மா இருக்குமா என்று கணித்து அனுப்ப வேண்டும். மேகம் மூடினாலும் மதியம் வரை தொலைநோக்கியை விட்டு நகரக் கூடாது. எந்த நேரமும் மேகம் விலகலாமாம். செயற்கைக்கோள் படம் என் கைபேசிக்கே வந்துவிடுகிறது, பிறகு எதற்கு இந்தக் காவல் என்று கேட்டால், இங்கிருந்து வருஷக்கணக்காகத் தினமும் எடுத்துவரும் படங்களின் வரிசை அறுந்துவிடக் கூடாது என்பார்கள்.

மகளுக்குப் பழனியில் காதுகுத்து வைத்திருந்தோம். முந்தின நாளே அவளை அவள் அப்பாவோடு அனுப்பிவிட்டேன். எனக்கும் விடுப்பு இருந்தது. விடிவதற்குள் பஸ் ஏறலாம் என்று பட்டுப்புடவை கட்டி நிற்கிறேன், எனக்குப் பதிலாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று போன். இன்னொருவர் வர மதியம் ஆகுமாம். பெரிய கரும்புள்ளி ஒன்று அன்றைக்குத்தான் நேராக நம்மைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வெள்ளனே ஒரு படம் எடுத்துவிட்டால் அலுவலகத்தில் கெஞ்சிக் கிளம்பிவிடலாம் என்று பட்டுப்புடவையோடே போய் உட்கார்ந்தேன்.

மூடுபனி அசையவில்லை. ஒருமுறை வெளிறிய வட்டம் தெரிந்தது. படம் எடுக்கப் பாய்ந்து போனேன், அதற்குள் மறைந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி கூப்பிட்டான். அவன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்.

"எங்கக்கா இருக்க? ஆசாரி வந்து உக்காந்துருக்காரு. நல்ல நேரம் முடியப் போகுது, வெரசா வா."

"கொஞ்சம் பொறுடா. இங்க இன்னும் வெயிலே வரல."

"என்னக்கா வெளையாடுறியா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது!"

போனை வைத்துவிட்டு அழுதேன்.

மதியம் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, 'பார்க்க இயலவில்லை' என்று அறிக்கையில் எழுதிப் பஸ் ஏறினேன். மலைப்பாதையில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், அவரிடமிருந்து படம் வந்தது. நீங்கள் போனதும் வானம் தெளிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போல் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பந்தியெல்லாம் முடிந்து, வாடகைக்கு எடுத்த மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. இரண்டு காதும் சிவந்து வீங்கியிருந்தன. சமாதானப்படுத்த வேறு ஒன்றும் தோன்றாமல் அந்தப் படத்தைக் காட்டினேன். பெரிய வட்டத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி.

"இதப் பாக்கத்தான் இருந்தியாம்மா?"

"ஆமாடா கண்ணு."

அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என் காதுலயும் ஆசாரி பேனாவால இப்படித்தான் புள்ளி வச்சாரு. நீ வருவேன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் குத்திட்டாரு."