பிஹா பாதையும் சீனி போடாத தேத்தண்ணியும்

இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு என்மீது ஒரு முறைப்பாடு உண்டு. எங்கே போனாலும் ஏதாவது குறை பிடிக்காமல் திரும்பமாட்டேனாம். வெஸ்ட்கேட் போனால் வாகனத் தரிப்பிடத்தைத் திட்டுகிறேன், ஹில்ஸ்பரோ போனால் மேட்டைத் திட்டுகிறேன். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குறை சொல்லுவதிலும் ஒரு நன்மை உண்டு என்பதை இந்த மார்ச் மாதம்தான் கண்டேன். அதனால் இந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒக்லண்டின் மேற்கே ஹென்டர்சனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நசீர் குடும்பம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் ஹசாரா என்ற சிறுபான்மை இனத்தவர். நானும் அவரும் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்கிறோம். அவருடைய மகள் மரியத்துக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்பை மூன்று நாள் முகாமுக்கு பிஹா கடற்கரைப் பக்கம் கொண்டுபோகிறார்கள். நசீர் விடமாட்டேன் என்றுவிட்டார். கடலுக்குப் பயமில்லை, செலவுக்கும் இல்லை. மலைப்பாதையில் பஸ்ஸில் போவதுதான் அவருக்குப் பயம். இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடமாகியும் மனுசன் ஒரு மலைப்பாதையில் ஏறியதில்லை.

மரியம் எங்கள் வீட்டுக் குசினியில் வந்து நின்று அழுதாள். என் மனைவி அதோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, வகுப்பிலை எல்லாப் பிள்ளையளும் போகேக்கை இவள் மட்டும் நிக்கிறதே? சனிக்கிழமை நசீரை ஒருக்காக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாதையைக் காட்டுங்கோ."

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு என் காரில் புறப்பட்டோம். ஹென்டர்சனிலிருந்து பிஹா ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். பிஹாவில் பெற்றோல் நிலையம் இல்லை, பொதுப் பேருந்தும் கிடையாது. ஆகவே புறப்படும்போதே பெற்றோல் அடித்துக்கொள்ளுங்கள். மனைவி ஒரு ஃபிளாஸ்கில் தேத்தண்ணி தந்தாள். எனக்குச் சலரோகம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அதில் சீனி இருப்பதில்லை. அந்தத் துக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஊர் முடிந்ததும் பாதை ஏறத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பெரிய பன்னச் செடிகள், நெருங்கிய காடு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. நான் வழக்கம்போல விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன். நசீரின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

பாதி வழியில், மழைக்கு மண் சரிந்த ஓரிடத்தில் வீதி வேலை நடந்தது. செம்மஞ்சள் அங்கி போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர் 'நில்' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்தினேன். நிறுத்தியது மட்டுமல்ல, எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து, மடியில் லைசன்சையும் எடுத்து வைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பிறநாட்டுப் படை வந்து நிலைகொண்டிருந்த காலத்தில் எனக்கு எட்டு வயது. அதன்பிறகும் எத்தனையோ சோதனைச் சாவடிகள். அடையாள அட்டை இல்லாதவன் வீடு திரும்பமாட்டான் என்று பழகிய உடம்பு இது. ஒக்லண்டில் இருபது வருடம் இருந்தும் பழக்கம் போகவில்லை.

பக்கத்தில் பார்த்தேன். நசீர் தன் பேர்ஸை எடுத்து ஆசனத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் நாட்டில், எங்கே வேலை, எந்த ஊர் என்று காட்டும் அட்டை இருந்தவன்தான் வீடு திரும்பவில்லை. ஒருவர் மடியில் லைசன்ஸ், மற்றவர் காலடியில் பேர்ஸ். ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிக்க வரவில்லை.

பலகைக்காரர் வோக்கி டோக்கியில் மறுபக்கத்துடன் பேசினார். நசீர் கண்ணாடியை இறக்கி, மற்றப் பக்கம் நிற்பது யார் என்று கேட்டார். இங்கே நடந்த பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"என்ரை மச்சான்காரன்தான். பாதை கிளியர் எண்டு சொல்லுறான். சாப்பாட்டுப் பெட்டி மழையிலை நனைஞ்சு போச்செண்டு காலமையிலையிருந்து புறுபுறுத்துக்கொண்டு நிக்கிறான். போங்கோ, போங்கோ."

நசீர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். "இப்ப போகலாம் பிரதர்," என்றார்.

அதற்கான காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. கடற்கரையில் போய், கறுப்பு மணலில் அமர்ந்து, சீனி இல்லாத தேத்தண்ணியை ஊற்றிக் குடிக்கும்போதுதான் சொன்னார்.

"எங்கடை நாட்டுக்குள்ளை வேற நாட்டு ஆமி நிண்ட காலம். ஆமியின்ரை சாமான் லொறியளுக்குக் காவல் போற காசுக்காகக் குலத்துக்குக் குலம் சண்டை. காசு கிடைக்காத குலம் றோட்டை மறிக்கும். அந்தக் குழப்பத்துக்குள்ளை கொள்ளைக்காரரும் பொலிஸ் உடுப்போடை நிப்பாங்கள். ஆர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. ஆனா எங்கடை முகத்தைப் பார்த்தவுடனை நாங்கள் ஆரெண்டு அவங்களுக்குத் தெரியும்."

அவருடைய அண்ணன் மினிபஸ் ஓட்டியவர். சித்தப்பா மகன் லொறியோடு முன்னால் போய், பாதை எப்படி என்று போனில் சொல்வது வழக்கம். ஒருநாள் அவன் போன் எடுத்து, "பாதை திறந்திருக்கு, நல்லாயிருக்கு, வா," என்றான். அண்ணன் போனார். பயணிகளிடம் இருந்ததைப் பறித்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டு, அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் மலைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு சரி. கொள்ளைக்காரரா, குலப்பகையா, இன்றுவரை தெரியாது. போன் எடுத்துச் சொன்ன சித்தப்பா மகனின் கழுத்தில் துப்பாக்கி இருந்திருக்கிறது.

"அதுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை ஒரு கட்டுப்பாடு. முன்னாலை போறவன் பாதை நல்லம் எண்டு மட்டும் சொன்னா ஒருத்தரும் வெளிக்கிடமாட்டம். ஏதாவது குறை சொல்லவேணும். தூசி எண்டு, ரொட்டி காய்ஞ்சு போச்செண்டு. துவக்குக்கு முன்னாலை நிக்கிறவன் குறை சொல்லமாட்டான் பிரதர். எல்லாம் நல்லம் எண்டுதான் சொல்லுவான்."

மிச்சத் தேத்தண்ணியை அவருடைய கோப்பையில் ஊற்றினேன்.

திரும்பும் வழியில் நசீர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. முகாமுக்குப் போகும் புதன்கிழமை நான் பஸ்ஸுக்கு முன்னால் போய்ப் போன் எடுக்க வேண்டும். அதுவரை மரியம் பஸ்ஸில் ஏறமாட்டாள்.

புதன்கிழமை லீவு போட்டேன். கீழே இறங்கினால் போன் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே கடல் தெரியும் மேட்டிலேயே காரை நிறுத்தினேன். ஒன்பது இருபது. பஸ் புறப்படப் பத்து நிமிடம். அப்படியொரு காலையை நான் கண்டதில்லை. கடல் முழுக்க வெயில், காற்று இல்லை, கடலோரத்துச் சிங்கப் பாறை பொன்னாக நின்றது. போனை எடுத்து, மனம் நிறைந்து சொன்னேன்:

"நசீர், பாதை திறந்திருக்கு. எல்லாம் நல்ல வடிவு. பிள்ளையை ஏத்துங்கோ."

மறுபக்கத்தில் சத்தமில்லை. பஸ் எஞ்சின் உறுமுவது கேட்டது. மரியம் "ப்ளீஸ், பாபா" என்பது கேட்டது. அவர் மூச்சு விடுவதும் கேட்டது. ஆயுள் முழுக்கக் குறை சொன்ன வாய், சொல்ல வேண்டிய ஒரேயொரு நாளில் எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டது! மடியில் ஃபிளாஸ்க் இருந்தது.

"நசீர், இந்தத் தேத்தண்ணியை வாயிலை வைக்கேலாது! இண்டைக்கும் மனுசி சீனி போடேல்லை!"

கொஞ்சம் பொறுத்து ஒரு சிரிப்புக் கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்பு. பிறகு தங்கள் மொழியில் மகளிடம் ஏதோ சொன்னார். அவளுடைய காலடி ஓடுவது போனில் கேட்டது.

பத்தேகால் மட்டில் பஸ் அந்த மேட்டைக் கடந்து கீழே இறங்கியது. யன்னலோரம் இருந்து மரியம் கையசைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முகமெல்லாம் வெயில் பட்டு, சப்பாத்து நிறையக் கறுப்பு மணலோடு வீடு வந்து சேர்ந்தாள்.

பிஹா போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்கு முன் புறப்படுங்கள். வெயில் ஏறினால் மணல் காலைச் சுடும், செருப்பு வேண்டும். உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள், அந்தக் கடல் விளையாட்டல்ல. காட்டு வழி நடப்பவர்கள், மரங்களுக்கு நோய் பரவாதபடி, நுழைவில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள். வீதி வேலைக்காரர் மறித்தால் எஞ்சினை அணைக்கத் தேவையில்லை, எந்த அட்டையையும் நீட்டவோ ஒளிக்கவோ தேவையில்லை.

நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பாதை திறந்திருக்கிறது. தேத்தண்ணியில்தான் சீனி இல்லை.