அவரவர் சாமி

எழுபதுகளில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கிளாக்கராக வேலை பார்த்தேன். ஒருநாள் குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து லோஞ்சில், அதுதான் எஞ்சின் படகில், திரும்பும்போது பக்கத்தில் ஒரு பருத்த அம்மா இருந்தார். கழுத்தில் செபமாலை, மடியில் ஒரு கோழி. ஏறுகிற எல்லாரிடமும் எந்தக் கோயில் என்று விசாரித்தார். என்னிடமும் கேட்டார்.

"நான் ஒரு சாமியையும் கும்பிடுறதில்லை, அம்மா."

"அதுக்கென்ன தம்பி," என்று என்மீது இரக்கப்பட்டார்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றது. அலை உள்ளே அடித்தது. சனம் பயந்து ஒரே பக்கமாக எழும்ப, லோஞ்சு சரிந்தது.

"எல்லாரும் இருங்கோ," என்று அந்த அம்மா அதட்டினார். "இருந்துகொண்டு அவரவர் சாமியைக் கூப்பிடுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கூப்பிட ஆளில்லை. நீங்கள் வாளியை எடுத்துத் தண்ணியை அள்ளுங்கோ."

ஓதலும் தேவாரமும் செபமும் ஒன்றாக எழுந்தன. ஒருவரும் அசையவில்லை. நான் தண்ணீர் அள்ளினேன். எஞ்சின்காரர் ஒருவழியாக எஞ்சினைக் கிளப்பினார்.

இறங்குதுறையில் அந்த அம்மாவைச் சீண்டினேன். "எஞ்சினைத் திருத்தினது எஞ்சின்காரரல்லோ, அம்மா?"

"ஓம். அதுவரைக்கும் சனத்தை இருத்தி வைச்சது ஆர்?" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நீந்த ஏலாது, தம்பி. நல்லாப் பயந்திட்டன். உங்களுக்கும் சேர்த்துத்தான் மன்றாடினனான்."

நன்றி என்றேன். அதை அவருக்கு மட்டும்தான் சொன்னேனா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.