சிவப்பு வட்டமும் ஒரு லட்டும்

பாலக்கோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தவர் அவர். சலவைச் சட்டை, 'டாக்டர்' என்று கூப்பிட்டால் மறுக்காத முகம். முடிவுத் தாளில் 'பாசிட்டிவ்' என்று கண்டுவிட்டால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு 'ச்சு' கொட்டுவார். அவருடைய மருத்துவ ஞானமெல்லாம் அந்த வட்டத்துக்குள் அடக்கம்.

கர்ப்பிணியான என் தங்கையின் தாளிலும் வட்டம் விழுந்தது. "சைட்டோமெகலோ வைரஸுங்க. மாமியார் வூட்டுல சொல்லிடாதீங்க" என்றார். அவள் அழுதுவிட்டாள்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். "இது வைரஸ் இல்லீங்க, ஐ.ஜி.ஜி.ன்னு தாள்லயே போட்டிருக்கு. அப்படின்னா எப்பவோ தொத்துன வைரஸுக்கு ஒடம்பு செஞ்சு வெச்ச எதிர்ப்புப் புரதம். நம்ம செல்லு மேல இருக்கற புரதத்தைப் புடிச்சுத்தான் வைரஸ் உள்ள நுழையும். இது வைரஸ் மேல ஒட்டிக்கிட்டா அந்தப் பிடி கெடைக்காது. முழுக் காவல் இல்லீன்னாலும் இருக்கறது நல்லதுதாங்க."

"நல்லதுன்னா எதுக்குங்க பாசிட்டிவ்னு வருது?" என்று ஜெயித்தவர்போல் சிரித்தார். பிறகு டப்பாவைத் திறந்து லட்டு நீட்டினார். "எம் மகளும் முழுகாம இருக்குதுங்க. இதே டெஸ்ட்டு, நெகட்டிவ்! சுத்தமான ரத்தம்."

மகளுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"எல்.கே.ஜி. டீச்சருங்க. புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கிறது, சோறு ஊட்டறது எல்லாம் அதுதான்."

சின்னப் பிள்ளைகளின் எச்சிலில்தான் அந்த வைரஸ் அதிகம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தும் அதிகம். அதைத் தடுக்க அவர் மகள் உடம்பில் எதுவும் இல்லை. அதற்குத்தான் இந்த லட்டு!

"சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க" என்றேன்.

"அதையெல்லாம் உங்க தங்கச்சிக்குச் சொல்லுங்க."

அவரை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பார்த்தேயிராத அந்த மகள் கை கழுவினாளா என்பதுதான் தெரியவில்லை.